சக்கர நாற்காலி வாங்கினால் தோற்றதாகுமா?

போலியோ பாதித்த காலோடு திருவாரூரில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர், டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

முழங்காலில் கை ஊன்றியே ஐம்பது வயதுவரை நடந்துவிட்டேன். இப்போது கால் தளர்கிறது, சீக்கிரம் களைத்துப்போகிறேன். மகன் சக்கர நாற்காலி வாங்கச் சொல்கிறான். மனசு ஒப்பவில்லை.
– திருத்துறைப்பூண்டி வாசகி

அக்கா, போலியோ திரும்ப வந்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள். அது வந்துபோய்ப் பல வருடம் கழித்து இப்படிப் புதிதாகப் பலவீனமும் வலியும் வருவதுண்டு. அன்று செத்த நரம்பணுக்களின் வேலையையும் மிச்சமிருந்தவை இழுத்துப் போட்டுச் செய்தன. இப்போது அவையும் ஓய்கின்றன என்கிறார்கள் மருத்துவர்கள். அதனால் ‘நடந்தால் சரியாகும்’ என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு உடம்பை வருத்தாதீர்கள். ரத்தசோகை, தைராய்டு போல வேறு காரணமும் இருக்கலாம். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். 2014-லேயே இந்தியா போலியோ இல்லாத நாடாகிவிட்டது, இளம் மருத்துவர்கள் பலர் இதைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். சின்ன வயதில் போலியோ வந்ததை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

நாற்காலி விஷயம். ஒரு செருப்பின் முன்பக்கம் மட்டும் தேய்ந்து தேய்ந்து, எத்தனை ஜோடி மாற்றியிருப்பீர்கள்! அந்த நடையை யாரும் உங்களிடமிருந்து பறிக்கவில்லை. வீட்டுக்குள் நடங்கள். ஆழித்தேர் பார்க்க நாற்காலியில் வாருங்கள். இரண்டிலும் வருவது நீங்கள்தான்.

பிறவியிலேயே எனக்கு இடது முழங்கைக்குக் கீழே கை இல்லை. துப்பட்டாவால் மறைத்துக்கொள்வேன். செயற்கைக் கை பாரமாக இருக்கிறது. அம்மா போடச் சொல்கிறார்.
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

உன் வேலைக்கு உதவினால் போடும்மா, ஊர் கண்ணுக்காக என்றால் வேண்டாம். புத்தகத்தை அணைத்துப் பிடிப்பது, பையை மாட்டுவது எல்லாம் அந்தக் கை நுனியாலேயே உனக்குப் பழகியிருக்கும். மேலே உறை மாட்டினால் அந்தத் தொடு உணர்வு போய்விடும். பலர் கழற்றி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அம்மாவிடம் இதைச் செய்தே காட்டு. துப்பட்டாவை எடுப்பது மட்டும் உன் இஷ்டம், அதற்கு யாரும் நாள் குறிக்க வேண்டாம்.

எனக்கு 60 சதவீத பாதிப்பு. மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினால் முத்திரை விழுந்துவிடும் என்கிறார் அப்பா.
– மன்னார்குடி இளைஞர்

வாங்குங்கள் தம்பி. 40 சதவீதம் இருந்தாலே 2016 சட்டப்படி அரசு வேலையில் 4, உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீட்டுக்கு உரிமை உண்டு. மருத்துவர் அளந்தது உடம்பை மட்டும்தான்.

டிராக்டர் விபத்தில் கணவருக்கு ஒரு கால் போய்விட்டது. வெளியே வருவதே இல்லை. ஏற்றுக்கொள்ளச் சொல்வது எப்படி?
– பூதலூர் வாசகி

சொல்லாதீர்கள் அம்மா. இன்னும் துக்கம் ஆறவில்லை, அழட்டும், கோபப்படட்டும். இல்லாத காலில் வலிக்கிறது என்றால் நம்புங்கள். அது நிஜமான வலி, சிகிச்சையும் உண்டு. சாகலாம் என்று பேசினால் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், 104 மருத்துவ உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். வீட்டு முடிவுகளிலிருந்து மட்டும் அவரை ஒதுக்கிவிடாதீர்கள். சம்பாவுக்கு எந்த விதைநெல், நடவா நேரடி விதைப்பா என்று அவரையே கேளுங்கள்.