மானம், மரியாதை, ஹானர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு மாதங்களாக ஓர் ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பைத் தமிழாக்கம் செய்துவருகிறேன். அதில் ‘ஹானர்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அகராதியைப் பார்த்து எல்லா இடங்களிலும் ‘கௌரவம்’ என்றே எழுதினேன். பிரதியைப் படித்த நண்பர் பாதி இடங்களில் அது ஒட்டவில்லை என்று அடிக்கோடிட்டு அனுப்பிவிட்டார். இதற்கு நிகரான ஒரே தமிழ்ச் சொல் எது? இன்னோர் ஐயமும் உண்டு. ‘ஹானர் கில்லிங்’ என்பதை இப்போது ‘ஆணவக் கொலை’ என்று எழுதுகிறார்கள். ஹானர் என்பதற்கு ஆணவம் என்ற பொருள் எந்த அகராதியிலும் இல்லையே, இது பிழையான மொழிபெயர்ப்பு ஆகாதா? கடைசியாக, பல நாட்களாக நான் தாண்ட முடியாமல் நிற்கும் ஒரு வரி: பதக்கம் எதுவும் பெறாமல் போர்க்களத்தில் மடிந்த ஒரு படைவீரனைப் பற்றி, அவன் ‘வித் ஹானர், வித்தவுட் ஹானர்ஸ்’ இறந்தான் என்று கட்டுரையாளர் எழுதுகிறார். இதை எப்படித் தமிழில் சொல்வது?

ம.,
திருநெல்வேலி

அன்புள்ள ம. அவர்களுக்கு,

ஒரே சொல் கிடையாது. கிடைக்கவில்லையே என்று நீங்கள் வருந்தவும் வேண்டாம். பிறர் ஒருவருக்கு அளிப்பது ஒன்று. யாரும் அளிக்காவிட்டாலும் அவர் தமக்குள் காத்துக்கொள்வது இன்னொன்று. தமிழ் இவ்விரண்டையும் மரியாதை என்றும் மானம் என்றும் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலம் இரண்டையும் ஹானர் என்ற ஒரே சொல்லுக்குள் வைத்துப் பழகிவிட்டது. கௌரவம் இவற்றுக்கு நடுவில் நிற்கும் சொல். ஆகவேதான் அது எங்கும் பொருந்துவதுபோலத் தோன்றி, உங்கள் நண்பரின் கண்ணுக்குப் பாதி இடங்களில் உறுத்தியிருக்கிறது.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பது தெரியும். லத்தீனில் ஹானர் என்பது மதிப்பை மட்டுமல்லாமல், அந்த மதிப்பைத் தரும் அரசுப் பதவியையும் குறித்தது. குவெஸ்டர், ஈடைல், ப்ரீட்டர், கான்சல் என்று ஒரு ரோமானியர் படிப்படியாக ஏறிச் சென்ற பதவி வரிசைக்குப் பெயரே ‘ஹானர்களின் பாதை’ என்பதுதான். நாம் மதிப்பூதியம் என்று தமிழாக்கியிருக்கும் ஹானரேரியமும் இந்தக் குடும்பத்துச் சொல்லே. 1066க்குப் பிறகு நார்மன் பிரெஞ்சின் வழியாக இது இங்கிலாந்துக்குள் நுழைந்தது. பிரெஞ்சில் முதலெழுத்தின் ஒலி முன்பே தேய்ந்துபோயிருந்தது; எழுத்தில் ‘எச்’ இருந்தும் ஆங்கிலேயர் ‘ஆனர்’ என்று ஒலிப்பது அதனால்தான். அந்த வகையில் நம் பெரியவர்கள் ‘பி.ஏ. ஆனர்ஸ்’ என்று எழுதியதுதான் ஒலிப்புக்கு நெருக்கமானது. நீங்கள் ஹானர் என்று எழுதியிருப்பதால் நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். நார்மன் இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் கீழிருந்த பல பண்ணைகள் சேர்ந்த பெருநிலத் தொகுதிக்கும் இதுவே பெயர். ரிச்மண்ட் ஹானர் என்றால் ரிச்மண்ட் பிரபுவின் ஆட்சிக்குட்பட்ட நிலங்கள். பதவி, நிலம், பட்டம் என்று கண்ணால் பார்க்கக்கூடிய, ஒருவர் கொடுத்து இன்னொருவர் பெற்றுக்கொள்ளக்கூடிய பொருளாகவே இந்தச் சொல் நெடுங்காலம் இருந்திருக்கிறது. அதே வேரிலிருந்து வந்த ‘ஹானஸ்ட்’ தொடக்கத்தில் மதிப்புக்குரியவர் என்றே பொருள்பட்டு, பிறகு நேர்மையானவர் என்று மாறியது. வெளியிலிருந்து உள்ளே நகர்ந்த இந்தப் பயணத்தைத் தங்கையான ஹானஸ்ட் முழுவதுமாக முடித்துவிட்டது. அக்காளான ஹானர் பாதி வழியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில், நான் பல ஆண்டுகளாக வியந்துவரும் ஒரு மொழிபெயர்ப்பை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பத்துக் கட்டளைகளில் பெற்றோரைப் பற்றியதை 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் ஹானர் என்ற வினையால் சொல்கிறது. தமிழ் விவிலியத்திலோ ‘உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக’ என்று இருக்கிறது. எபிரேய மூலத்தில் உள்ள வினையின் வேருக்கு ‘எடை’, ‘பாரம்’ என்று பொருள். பெற்றோரை எடையுள்ளவர்களாகக் கருது என்பதே அதன் அடியிலுள்ள எண்ணம். ஆங்கிலம் இழந்துவிட்ட அந்த எடையை நம்முடைய ‘கனம்’ அப்படியே தாங்கி நிற்கிறது. கௌரவம் என்ற வடசொல்லுக்கும் குரு, அதாவது கனமானது, என்பதுதான் வேர். ஆகவே கௌரவம் என்று நீங்கள் எழுதிய பாதி இடங்கள் சரியாகவே இருக்கும். ஒருவரை எடையுள்ளவராகப் பிறர் நடத்துகிற இடங்கள் அவை.

இந்த வெளிப்பக்கப் பொருள் ஆங்கிலத்தில் மிகுதியும் பன்மையில் வருவதைக் கவனியுங்கள். அரசர் ஆண்டுதோறும் அறிவிக்கும் விருதுகள் ஹானர்ஸ். பல்கலைக்கழகச் சிறப்புப் பட்டம் ஹானர்ஸ். படைவீரரின் உடலை அடக்கம் செய்யும்போது செலுத்தப்படும் ராணுவ மரியாதை ஹானர்ஸ். சரணடைந்த கோட்டையின் படை கொடியை உயர்த்தி முரசு கொட்டியபடி வெளியேற எதிரி அனுமதித்தால் அதற்குப் பெயர் போரின் ஹானர்ஸ். பிரிட்ஜ் ஆட்டத்தில் ஏஸ் முதல் பத்து வரையிலான ஐந்து உயர் சீட்டுகளும் ஹானர்ஸ். விதிவிலக்குகள் உண்டு. கோல்ஃபில் முதல் பந்தை அடிக்கும் உரிமை ஒருமையிலேயே ஹானர் எனப்படுகிறது. அணிவகுப்பு மரியாதையைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரிலும் ஒருமைதான். ஆயினும் மொழிபெயர்ப்பாளருக்குப் பன்மை ஒரு நல்ல வழிகாட்டி. பன்மையைக் கண்டால் மரியாதை, சிறப்பு, விருது ஆகிய சொற்களை முதலில் எண்ணிப் பாருங்கள்.

விளிச்சொற்களும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவையே. இங்கிலாந்தில் சர்க்யூட் நீதிபதியை ‘யுவர் ஹானர்’ என்றும் அவருக்கு மேலுள்ள உயர் நீதிமன்ற நீதிபதியை ‘மை லார்ட்’ என்றும் அழைக்கிறார்கள். இந்தியாவில் ‘மை லார்ட்’ என்பது காலனிய எச்சம் என்று கருதிய இந்திய வழக்கறிஞர் மன்றம், உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் ‘யுவர் ஹானர்’ என்றோ ‘ஹானரபிள் கோர்ட்’ என்றோ அழைக்கலாம் என 2006இல் விதி வகுத்தது. ‘ஹானரபிள்’ என்பதற்கு ஒரு காலத்தில் நாம் ‘கனம்’ என்றோம். இன்று தமிழ்நாட்டு அமைச்சர் ‘மாண்புமிகு’, நீதிபதி ‘மாண்பமை’, இலங்கையில் இருவருமே ‘கௌரவ’. உங்கள் நூலில் வருபவர் எந்த நாட்டவர் என்பதைவிட உங்கள் வாசகர் எந்த நாட்டவர் என்பதைக் கொண்டே இதை முடிவு செய்யுங்கள். ஆனால் ‘ஹானரரி’ என்று வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். சங்கத்தின் ஹானரரி செயலாளர் என்றால் ஊதியம் பெறாத செயலாளர் என்பதே முதன்மைப் பொருள். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் தொகுப்பூதியத்தில் பணிபுரிபவர்களை, ஆங்கிலத்தில் விருந்தினரைக் குறிக்கும் ‘கெஸ்ட்’ என்ற சொல் இருக்க, ‘கௌரவ விரிவுரையாளர்’ என்று அழைக்கிறோம். பணிப் பாதுகாப்பு இல்லாத ஒருவருக்கு இந்தப் பெயரைச் சூட்டியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

வெளிப்பக்கப் பொருளுக்கு நம் மண்ணிலிருந்தே ஒரு சான்று உண்டு. பரிவட்டம் கட்டுவது, முதல் தீர்த்தம் கொடுப்பது முதலிய கோயில் மரியாதைகளை ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் ‘டெம்பிள் ஹானர்ஸ்’ என்று எழுதின. முதல் மரியாதை யாருக்கு என்ற வழக்குகள் வந்தபோது அந்த நீதிமன்றங்கள் ஒரு வேறுபாட்டை வகுத்தன: கோயிலில் ஒருவர் வகிக்கும் பதவியோடு இணைந்த மரியாதை என்றால் வழக்குத் தொடுக்கலாம்; வெறும் மரியாதை என்றால் அது குடிமை உரிமை ஆகாது. பதவியும் மரியாதையும் ஒரே சொல்லாக இருந்த ரோமாபுரியின் எண்ணம் நம் தேரடி வீதி வரை வந்து சேர்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இனி உள்பக்கம். 1780இல் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ், தம் ஆட்சிக் குழுவிலிருந்த பிலிப் பிரான்சிஸின் தனிவாழ்வில் உண்மையும் ஹானரும் இல்லை எனத் தாம் கண்டதாகக் குழுவின் ஆவணத்திலேயே எழுதினார். ஆகஸ்ட் 17 அன்று இருவரும் கைத்துப்பாக்கிகளோடு எதிரெதிரே நின்றார்கள். பிரான்சிஸ் காயமடைந்து பிழைத்தார். ஹேஸ்டிங்ஸ் எழுதிய வரியில் ஹானர் என்பது நேர்மை, வாய்மை ஆகியவற்றின் பக்கத்தில் நிற்கும் அகப்பண்பு. அதற்காக நடந்த சண்டையோ, ஊர் என்ன சொல்லும் என்பதற்காக நடந்தது. ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருளும் இருந்ததால் மனிதர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள் என்று சொல்வது மிகையாகாது. அதே காலத்தில், 1776இல், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்கள் தங்கள் உயிரையும் உடைமையையும் ‘புனிதமான ஹானரையும்’ ஒருவருக்கொருவர் பிணை வைத்தார்கள். பிணை வைக்கக்கூடிய ஹானர் அவரவர் கைவசம் இருப்பதாகத்தான் இருக்க முடியும். அங்கே கௌரவம் என்று எழுதினால் வாக்கியம் சாய்ந்துவிடும், மானம் என்றே எழுத வேண்டும்.

வணிகத்தில் இந்த அகப்பண்பு வினையாகிறது. வாக்குறுதியை ஹானர் செய்வது என்றால் வாக்கைக் காப்பாற்றுவது. காசோலையை ஹானர் செய்வது என்றால் பணம் கொடுப்பது. 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம் பணம் கிடைக்காத சீட்டை ‘டிஸ்ஹானர்’ ஆனதாகச் சொல்கிறது. நம் கடைவீதியில் ‘செக் திரும்பிவிட்டது’ என்பார்கள், நீங்களும் அப்படியே எழுதலாம். அதே சட்டத்தில், பணம் தர வேண்டியவர் உண்டியலை, அதாவது பணம் செலுத்தச் சொல்லி எழுதிய சீட்டை, ஏற்க மறுத்தால், மூன்றாம் நபர் ஒருவர் முன்வந்து சம்பந்தப்பட்டவரின் ஹானருக்காக அதை ஏற்றுக்கொள்ள இடமிருக்கிறது. இந்த ஹானருக்குத் தமிழில் மிகப் பொருத்தமான சொல் ‘நாணயம்’. காசுக்கும் வாக்கின் உறுதிக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ‘அவர் நாணயமானவர்’ என்று சொல்லும் நம் மொழியில், இந்த இடத்துக்கு வேறு சொல் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆணவக் கொலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது பிழை என்று நான் கருதவில்லை. குற்றத்துக்குப் பெயரிடும்போது குற்றவாளியின் நியாயத்தையே பெயராக வைக்க வேண்டும் என்ற கடமை எந்த மொழிக்கும் இல்லை. ஹானர் என்ற சொல்லில் இந்த நஞ்சு முன்பே கலந்திருக்கிறது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, இதே சொல்லுக்கு உள்ளத்தின் உயர்வு என்ற பொருளோடு கற்பு என்ற பொருளையும் தருகிறது. ஒரு குடும்பத்து ஆண்களின் பெருமையைப் பெண்ணின் உடலில் கொண்டுபோய் வைக்கும் வழக்கம் அங்கும் இருந்தது. இன்று இங்கிலாந்து, வேல்ஸின் அரசு வழக்குத் துறை இத்தகைய குற்றங்களைக் குறிக்கும்போது ‘ஹானர் என்று சொல்லப்படுகிற’ என்ற அடைமொழியைச் சேர்க்கிறது. நம் உச்ச நீதிமன்றம் 2006இல், லதா சிங் வழக்கில், இத்தகைய கொலைகளில் ஹானருக்குரியது எதுவும் இல்லை, இவை காட்டுமிராண்டித்தனமான, வெட்கத்துக்குரிய கொலைகளே என்றது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011இல் அதை மீண்டும் எடுத்துரைத்தது. ஆங்கிலம் அடைமொழியாலும் விளக்கத்தாலும் செய்ய முயன்றதைத் தமிழ் சொல்லையே மாற்றிச் செய்திருக்கிறது. ‘கௌரவக் கொலை’ என்று எழுதிக்கொண்டிருந்த நாம் அதை விட்டு இந்தச் சொல்லுக்கு வந்ததை, அண்மைக் காலத் தமிழின் மிக நல்ல செயல்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

அந்தச் சொல் தேர்ந்தெடுக்கப்பட்ட விதமும் ஆழமானது. சைவ சித்தாந்தத்தில் ஆணவம் மும்மலங்களில், அதாவது உயிரைப் பிணிக்கும் மூன்று மாசுகளில், மூலமலம். இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன் உருவத்தையாவது காட்டும், ஆணவமோ இரண்டையும் காட்டாது என்று திருவருட்பயனில் உமாபதி சிவம் சொல்கிறார். மகளைக் கொன்றுவிட்டுக் குலப்பெருமையைக் காத்ததாகச் சொல்பவனுக்குத் தன்னிடம் இருப்பது ஆணவம் என்பது தெரியவே தெரியாது. ஆனால் ஓர் எச்சரிக்கை: உங்கள் நூலில் கொலை செய்தவனே பேசும் இடம் வந்தால், அவன் வாயில் ஆணவம் என்ற சொல்லை வைக்காதீர்கள். அவன் ‘மானம் போய்விட்டது’ என்றுதான் சொல்வான். அதை மாற்றினால் அவனுடைய நோய் வாசகருக்குத் தெரியாமல் போய்விடும்.

இரண்டு பொருளும் ஒரே வரியில் மோதும் இடம் ஒன்று உண்டு. ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின் 1919 மே மாத இறுதியில் தாகூர் தம் சர் பட்டத்தைத் துறந்து வைஸ்ராய்க்கு எழுதிய கடிதத்தில், ஹானரின் சின்னங்கள், இழிவுபடுத்தப்படும் இந்தச் சூழலில், நம் வெட்கத்தைப் பளிச்சென்று காட்டும் காலம் வந்துவிட்டது என்றார். அதற்குச் சற்று முன்னரே சென்னையின் மணி ஐயர், அதாவது எஸ். சுப்பிரமணிய ஐயர், அமெரிக்க அதிபர் வில்சனுக்கு எழுதிய கடிதம் கண்டனத்துக்கு உள்ளானபோது தம் பட்டங்களைத் துறந்திருந்தார். தாகூரின் அந்தச் சின்னங்களை நீங்கள் ‘மரியாதைச் சின்னங்கள்’ என்று எழுத வேண்டும்; எதற்காக அவர் அவற்றைத் துறந்தாரோ அதை ‘மானம்’ என்று எழுத வேண்டும். ஆங்கிலத்தில் அவர் இந்த இரண்டாவதைப் பெயர் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

இப்போது உங்கள் படைவீரனிடம் வருகிறேன். ‘மயிர்நீப்பின் வாழாக் கவரிமா’ என்ற குறள் உள்ள ‘மானம்’ அதிகாரத்துக்கு ஜி.யு. போப் வைத்த ஆங்கிலத் தலைப்பு ஹானர் என்பதுதான். மானத்தை அந்தச் சொல்லின் ஒருமைக்கு அவர் நிகராக்கினார். உங்கள் கட்டுரையாளர் பன்மைக் குறியாகிய ஓர் எழுத்தை மட்டும் சேர்த்து, ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே அந்த மனிதனின் முழு வாழ்வையும் வைத்திருக்கிறார். ஒரே சொல்லை இரு முறை ஆளும் அந்த அழகு தமிழில் கிடைக்காது. அதற்கு ஈடாக, ஒரே மகர மெய்யொலியில் தொடங்கும் இரண்டு சொற்கள் நமக்குக் கிடைக்கின்றன. நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: ‘மானத்தோடு மடிந்தான், மரியாதை எதுவும் பெறாமல் மடிந்தான்.’

அன்புடன்,
ஆசிரியர்