பழைய பைக்கின் அலுமினிய டேங்கில் பெயிண்ட் ஏன் உரிகிறது? எட்ச் பிரைமர் என்றால் என்ன?

நார்ட்டன் மாங்ஸ் போன்ற பழைய பிரிட்டிஷ் ரேஸ் வண்டிகளில் எடை குறைக்க அலுமினிய டேங்க் போட்டார்கள். பளபளவென்று தேய்த்து வைத்தாலும், காற்றுப் பட்ட உடனே அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் படிந்துவிடும். பெயிண்டுக்கு அங்கே பிடிமானம் கிடையாது. எண்ணெய் வழியும் நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு நிற்குமா? அதே கதைதான்.

எட்ச் பிரைமர் என்பது கொஞ்சம் அமிலம் கலந்த முதல் பூச்சு. அது உலோகத்தை லேசாக அரித்துக் கடித்துக்கொள்ளும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, தாமதிக்காமல் மெல்லிசாக அடிக்க வேண்டும். பிறகு சாதாரண பிரைமர், கலர், கடைசியாக கிளியர் எனும் நிறமற்ற மேல்பூச்சு.

கிளியரில் கஞ்சம் வேண்டாம். ஹார்ட்னர் (இறுக வைக்கும் திரவம்) கலக்கும் 2கே, அதாவது இரு பாகக் கிளியர்தான் பெட்ரோலுக்குத் தாங்கும். ஹார்ட்னர் இல்லாத சாதாரண ஸ்பிரே கேன் கிளியர் என்றால், மூடியோரம் சிந்திய துளி வழிந்த இடமெல்லாம் பிசுபிசுத்துக் கோடு விழும். அடித்தபின் ஒரு வாரமாவது பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

'அலுமினியம்தான் துருப்பிடிக்காதே, பிரைமர் எதற்கு?' என்று பலர் கேட்பார்கள். இங்கே பிரைமரின் முதல் வேலை துருவைத் தடுப்பதல்ல, பெயிண்டைப் பிடித்து வைப்பது.