ஏறிய பொருள் எப்போது இறங்கும்?

வாசகியின் கேள்வி: திருச்சியில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்ககத்தில் நானும் என் கணவரும் வசிக்கிறோம். இரண்டாவது அறை பல ஆண்டுகளாகச் சாமான் அறையாகவே கிடக்கிறது. பரண் முழுவதும் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமான என் மாமியாரின் பித்தளைப் பாத்திரங்களும் அட்டைப் பெட்டிகளும் நிறைந்துள்ளன. எதைத் தொட்டாலும் கணவர் "இருக்கட்டும்" என்கிறார். தை மாதம் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். பன்னிரண்டு பெரிய பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கி அடுக்கிப் பார்த்தும் இடம் பிறக்கவில்லை. போகிக்குள் எல்லாவற்றையும் ஒழித்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் வாங்கிய பன்னிரண்டு பெட்டிகளிலிருந்தே தொடங்குகிறேன். பெட்டி இடத்தை உண்டாக்குவதில்லை. தேவையற்ற பொருளையும் தேவையான பொருளையும் ஒரே மூடிக்குள் மறைத்து, இனி அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதியை மட்டுமே சில மாதங்களுக்குத் தருகிறது. எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று முடிவான பிறகு, மிஞ்சிய பொருளின் அளவைப் பார்த்துக் கடைசியாக வாங்க வேண்டியது பெட்டி. வாங்கியவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஆனால் இப்போதைக்கு அவற்றைக் காலி செய்து ஓரமாக வையுங்கள்.

அடுத்து, பரணை விட்டுவிட்டு அந்த இரண்டாவது அறையில் தொடங்குங்கள். காரணம் எளிது. தை மாதம் உங்கள் மகளுக்குத் தேவைப்படப்போவது அந்த அறையின் தரைதான், பரண் அல்ல. முதல் வாரம் தரையிலும் கட்டிலிலும் கிடப்பவற்றை மட்டும் எடுங்கள். பழுதான மிக்ஸி, ஓடாத கணினித்திரை, உப்பிய பேட்டரியுடன் கிடக்கும் பழைய கைப்பேசி ஆகியவற்றைப் பரணுக்கு ஏற்றாமல், மின்னணுக் கழிவுகளைப் பெறும் மையங்களில் கொடுத்துவிடுங்கள். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. குழந்தை படுக்கும் அறைக்கு மேல் அது இருக்கவே கூடாது. மின்சாதனங்கள் வந்த காலி அட்டைப் பெட்டிகளையும் தயங்காமல் மடித்துப் பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள். உத்தரவாதத்துக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது ரசீதுதானே தவிர, பெட்டி அல்ல. கரையானும் வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் முதலில் குடியேறுவது அந்த அட்டையில்தான்.

இனி பரணுக்கு வருவோம். உங்கள் கேள்வியின் உண்மையான முடிச்சு அங்கேதான் இருக்கிறது. ஒரு பொருளைப் பரணில் ஏற்றும்போது "இது வேண்டுமா, வேண்டாமா" என்று கேட்டால், "இருக்கட்டும்" என்ற பதில்தான் வரும். எந்த வீட்டிலும் அப்படித்தான் வரும். அதற்குப் பதிலாக "இது எந்த மாதம் இறங்கும்" என்று கேட்டுப் பாருங்கள். கொலுப் படியும் பொம்மைகளும் புரட்டாசியில் இறங்கும். அகல் விளக்குகள் கார்த்திகையில் இறங்கும். பொங்கல் பானை தையில் இறங்கும். பயணப் பெட்டி கோடை விடுமுறையில் இறங்கும். இவை பரணுக்கு உரிமையுள்ளவை. ஒவ்வொன்றின் மீதும், கீழிருந்து பார்த்தால் தெரியும் பக்கத்தில், பொருளின் பெயரையும் அது இறங்கும் மாதத்தையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். எந்த மாதத்தின் பெயரையும் எழுத முடியாத பொருள் எதுவோ, அதைப் பற்றித்தான் நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து பேச வேண்டும். அப்படிப்பட்டவை நீங்கள் அஞ்சுவதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது என் அனுபவம்.

பரணின் தளம் பல வீடுகளில் சுமார் மூன்று அங்குலக் கனமே கொண்டது; சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்பது. ஆகவே கனமானவற்றைச் சுவரை ஒட்டியும் இலேசானவற்றை விளிம்பிலும் வையுங்கள். அண்டாக்களை விளிம்பில் வரிசையாக நிறுத்தியிருந்தால் முதலில் அவற்றை இறக்குங்கள். நீங்களே நாற்காலி போட்டு ஏற வேண்டாம். ஆள் வைத்து, ஒருவர் ஏணியைப் பிடிக்க, ஒருவர் இறக்கட்டும்.

இறக்கிய பித்தளைப் பாத்திரங்களை உடனே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கணவர் வெளியூர் போயிருக்கும் நாளாகப் பார்த்து முடித்துவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருந்தால், அதை நான் அழுத்தமாக மறுக்கிறேன். ஒரு தவலையைப் புளி போட்டுத் தேய்த்து, கழுத்தோரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் தெரியக்கூடும்: பெயரின் முதல் எழுத்து, ஊர், சிலவற்றில் திருமண நாளும் இருக்கும். அது உங்கள் மாமியார் இருபது வயதில் புகுந்த வீட்டுக்குக் கொண்டு வந்த சீராக இருக்கலாம். உங்கள் கணவர் "இருக்கட்டும்" என்று சொல்வது பாத்திரத்தைப் பற்றி அல்ல. தாயின் பொருளைத் தானே அனுப்பிவைக்க வேண்டிய வேலையைத் தள்ளிப்போடவே அவர் அப்படிச் சொல்கிறார். எதை அனுப்பலாம் என்று அவரிடம் கேட்காதீர்கள். எந்த மூன்றை வைத்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவருடையதாகட்டும். அவர் ஐந்தைத் தேர்ந்தெடுத்தால் ஐந்தாகவே இருக்கட்டும்.

தேர்ந்தவற்றை மீண்டும் பரணில் ஏற்றாமல் புழக்கத்துக்குக் கொண்டு வாருங்கள் என்பது என் வேண்டுகோள். சிறிய பித்தளை அண்டாவில் மணிபிளாண்ட் வைக்கலாம். தாம்பாளத்தைப் பூஜை அறையில் வைக்கலாம். சமையலுக்கு எடுப்பதானால் உட்புறம் ஈயம் (காரீயம் அல்ல, வெள்ளீயம்) பூசியிருக்க வேண்டும். பூச்சு தேய்ந்த பித்தளையில் புளியும் தக்காளியும் சேர்ந்தால் களிம்பு ஏறி உணவு கெடும். ஈயம் பூசுபவர் தெருவுக்கு வரும் காலம் போய்விட்டது என்றாலும், பழைய பாத்திரக்கடைகளில் விசாரித்தால் வழி கிடைக்கும். மற்றவற்றில் ஒவ்வொன்றை நாத்தனார், கொழுந்தனார் வீடுகளுக்குக் கொடுங்கள். அவர்களுக்கும் அவர் தாய்தானே. எஞ்சியதை விற்கும்போது வீட்டிலேயே எடை போட்டுக் குறித்துக்கொண்டு, இரண்டு கடைகளில் விலை கேளுங்கள். இரும்புப் பிடி உள்ள பாத்திரத்துக்குக் கடையில் எடையைக் கழிப்பார்கள், அது முறைதான்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூலப்பத்திரம், கிரயப்பத்திரம், பட்டா, பிறப்பு இறப்புச் சான்றுகள் ஆகியவை காலத்துக்கும் இருக்க வேண்டியவை. அவற்றை லேமினேட் செய்யாமல் கெட்டியான கோப்பில் வைத்து பீரோவில் பூட்டுங்கள். பத்திரம் தொலைந்தால் காவல் நிலையப் புகார், நாளிதழ் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று என்று அலைய நேரிடும். வருமான வரி தொடர்பான தாள்களை எட்டு ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். கடை ரசீதுகளில் வழவழப்பான தாளில் அச்சானவை ஓரிரு ஆண்டுகளில் வெளிறிவிடும் என்பதால், உத்தரவாதம் உள்ளவற்றை மட்டும் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

போகியன்று ஒரே நாளில் முடிக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். ஒரு நாள் அவசரத்தில் எடுக்கும் முடிவுகள் பிறகு மனக்கசப்பில் முடியும். கழித்த பாயையும் ரெக்சினையும் பிளாஸ்டிக்கையும் எரிப்பது கர்ப்பிணிப் பெண் வரப்போகும் வீட்டுக்கு நல்லதும் அல்ல. 2018ஆம் ஆண்டு போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களே தடைப்பட்டன. வாரத்துக்கு ஒரு மூலை என்று வைத்துக்கொண்டால் மகள் வருவதற்குள் வேலை முடிந்துவிடும்.

துணிகளைக் கடைசியாக வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. முதலில் பட்டைச் சொல்லிவிடுகிறேன். என் தாயின் காஞ்சிபுரம் புடவை ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆறு ஆண்டுகள் கழித்துப் பிரித்தபோது, மடிப்பு விழுந்த கோடெல்லாம் சரிகை கறுத்து, தொட்ட இடத்தில் நூல் பிரிந்தது. அன்றைய வருத்தம் இன்னும் இருக்கிறது. பட்டை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மழையில்லாத நாளில் எடுத்து நிழலில் காற்றாடவிட்டு, பழைய கோட்டிலேயே படியாமல் மடிப்பை மாற்றி வையுங்கள்.

அதைவிட முக்கியமானது அந்துருண்டை, அதாவது பாச்சை உருண்டை. அந்த அறையின் அலமாரியிலும் பரணிலும் அது கிடந்தால் இப்போதே தேடி எடுத்து வெளியேற்றிவிடுங்கள். அதில் உள்ள நாப்தலீன், பிறந்த குழந்தையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையைத் தீவிரமாக்கக்கூடியது. ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அந்த உருண்டையுடன் வைத்திருந்த துணியில் குழந்தையைச் சுற்றுவதும் கிடத்துவதும் கூடாது. பூச்சிக்கு வசம்புத் துண்டையோ காய்ந்த வேப்பிலையையோ பருத்திப் பையில் கட்டி, அதையும் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள்.

உங்கள் மாமியாரின் சுங்குடிச் சேலைகள் பெட்டியில் இருந்தால், அந்துருண்டை படாத ஒன்றைக் கணவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதை வாசனைப் பொடி எதுவும் சேர்க்காமல் இருமுறை அலசி, நல்ல வெயிலில் உலர்த்தி, இரு கைகளிலும் விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நூல் நைந்து ஒளி புகும் இடம் எங்கும் இல்லையென்றால், உங்கள் பேரக்குழந்தைக்குத் தூளி கட்ட அந்தச் சேலை போதும். நைந்திருந்தால் தூளிக்கு வேண்டாம். நான்காகக் கிழித்து ஓரம் அடித்தால் குழந்தைக்கு விரிப்பாகும்.