ரைக்ஸ் மியூசியத்தில் நிதானமாக ஒரு நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜூன் மாதம் ஆம்ஸ்டர்டாமில் மூன்று நாள் தங்குகிறோம். அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி உண்டு. ஒரு நாள் முழுக்க ரைக்ஸ் மியூசியத்துக்கே ஒதுக்கலாமா? பக்கத்திலேயே வான்கோ மியூசியமும் இருக்கிறதே!
– வாசகி, திருச்சி

ஒதுக்குங்கள். ஆனால் அதே நாளில் வான்கோ வேண்டாம். நடை என்னவோ ஐந்து நிமிடம்தான். பிற்பகலில் பார்க்கிற படம் ஒன்றுகூட மனசில் தங்காது என்பதுதான் சங்கடம். வான்கோ டிக்கெட் சீக்கிரமே தீர்ந்துவிடும் என்பதால் அதை வேறொரு நாளுக்கு முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகமான ரைக்ஸ் ஆண்டு முழுவதும் தினமும் காலை 9 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும். டிக்கெட் சுமார் 25 யூரோ, 18 வயதுக்குக் கீழ் இலவசம். மியூசியத்தின் சொந்த வலைத்தளத்தில் நுழைவு நேரத்தோடு எடுங்கள். இடைத்தரகர் தளங்களில் அதே டிக்கெட்டுக்குக் கூடுதலாகக் கேட்பார்கள். நேரம் 9 மணியாகவே இருக்கட்டும். ஜூனில் அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறார்கள். போன புதிதில் விடியற்காலை 4 மணிக்கே விழிப்பு வந்துவிடும், மாலையானால் கண் சொருகும். மதியம் 2 மணிக்கு டிக்கெட் எடுத்தவர்கள் பெஞ்சில் தூங்கி வழிவார்கள்.

நடப்பதைவிட, நின்று நின்று நகர்வதுதான் முட்டியைப் பதம் பார்க்கும். சக்கர நாற்காலி இலவசமாகவே தருகிறார்கள். "எனக்கெதுக்கு அதெல்லாம்" என்று அம்மா சொன்னாலும் கேட்டு வாங்கிவையுங்கள், மதியத்துக்கு மேல் அதன் அருமை தெரியும். லிஃப்ட் உண்டு.

9 மணிக்கு நேராக இரண்டாம் தளம். 17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் எல்லாம் அங்கேதான். 11 மணிக்குக் கீழே இறங்கிக் காபி. பிறகு ஆசிய மண்டபம், சாப்பாடு. தெம்பு இருந்தால் முதல் தளத்தில் வான்கோ 1887இல் தீட்டிய சுய உருவப்படமும், மியூசியத்துக்குள்ளேயே இருக்கும் குய்பர்ஸ் நூலகமும். மீதியை விட்டுவிடலாம், குற்றமில்லை.

சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து 52ஆம் எண் மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் ஃபெய்சல்கிராக்ட். அங்கிருந்து பத்து நிமிட நடை. அம்மாவுக்கு அது கஷ்டம் என்றால் டாக்ஸி நல்லது. மெட்ரோவில் வங்கிக் கார்டைத் தட்டி ஏறலாம். ஆளுக்கொரு கார்டு வேண்டும். ஏறும்போது போனைத் தட்டிவிட்டு இறங்கும்போது கார்டைத் தட்டினால் இரண்டையும் தனித்தனிப் பயணமாகக் கணக்கிட்டுப் பணம் பிடித்துவிடுவார்கள்.

ரெம்ப்ராண்டின் 'இரவுக் காவல்' படத்தை இணையத்தில் பார்த்தால் இருட்டில் ஒரு கூட்டம் நிற்பதுபோல்தான் தெரிகிறது. நேரில் எதைப் பார்ப்பது?
– வாசகர், கோவை

முதலில், அது இரவே அல்ல. 1642இல் வரைந்த படத்தின் மேல் பூசிய வார்னிஷ் நாளாக ஆகக் கருத்துப் போனதால் பின்னால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. கறுப்பு உடையும் சிவப்புப் பட்டையுமாக நடுவில் நிற்பவர் நகரக் காவல் படையின் கேப்டன். அவர் நீட்டிய கையின் நிழல், பக்கத்தில் நிற்பவரின் மஞ்சள் உடைமேல் விழுகிறது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அந்த ஒரு நிழலே சொல்லிவிடும். இடப்பக்கம் பளிச்சென்று ஒரு சிறுமி, இடுப்பில் கோழி தொங்குகிறது. கோழியின் நகம் அந்தக் காவல் படையின் சின்னம்.

1715இல் படத்தை நகர மண்டபத்துக்கு மாற்றியபோது, சுவரில் அடங்கவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள்! இடப்பக்கம்தான் அதிக நஷ்டம். கேப்டன் இப்போது நட்டநடுவில் நிற்பதற்கு அதுவே காரணம். 2019 முதல் ஆய்வும் சீரமைப்பும் கண்ணாடி அறைக்குள் நடப்பதால், நேர் எதிரே நின்றால் நம் தலைகளே பிரதிபலிக்கும். கொஞ்சம் ஓரமாக நகர்ந்தால் படம் தெளியும்.

அதே தளத்தில் வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்'. உயரம் 45.5 செ.மீ. தான், எனவே தூரத்திலிருந்து பயனில்லை. முன்வரிசை நகரும்வரை காத்திருந்து, வெள்ளைச் சுவரைப் பாருங்கள்: ஓர் ஆணி, அதன் நிழல், ஆணி பிடுங்கிய ஓட்டைகள். ஜன்னலில் ஒரு சில்லு உடைந்திருக்கும்.

அங்கே சோழர் காலத்து நடராஜர் இருக்கிறாராமே?
– வாசகர், கும்பகோணம்

இருக்கிறார். தோட்டத்தில் தண்ணீர் சூழக் கட்டி 2013இல் திறந்த ஆசிய மண்டபத்தில், 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வெண்கல நடராஜர். உயரம் ஒன்றரை மீட்டர், எடை சுமார் 300 கிலோ. உள்ளே பொள்ளலா என்று தெரிந்துகொள்ளச் சாதாரண எக்ஸ்ரே போதவில்லை. ராட்டர்டாம் துறைமுகத்தில் கன்டெய்னர் சோதிக்கும் ஸ்கேனரில், லாரியோடு சேர்த்துப் படம் எடுத்தார்கள். திருவாசி, முயலகன் உட்பட முழுவதும் பொள்ளலே இல்லாத கனவார்ப்பு என்று தெரிந்தது. நம் ஸ்தபதிகள் முழு உருவத்தையும் மெழுகிலேயே செய்து, மேலே மண் பூசிச் சூடாக்கி, மெழுகு வெளியேறிய இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஐரோப்பாவில் பெரிய வெண்கலச் சிலைகளைப் பெரும்பாலும் உள்ளே மண் கரு வைத்துப் பொள்ளலாகத்தான் வார்த்தார்கள்.

கோயிலில் பட்டும் மாலையும் மறைத்துவிடும் இடுப்பின் வளைவு, எடுத்த பாதத்தின் விரல்கள், விரிந்த சடை எல்லாம் இங்கே வெளிப்படையாகத் தெரியும். நேராகப் பார்த்தது போதாது, பக்கவாட்டிலும் நின்று பாருங்கள். பூவும் கற்பூரமும் கூடாது. கைகூப்பினால் யாரும் தடுக்கமாட்டார்கள்.

நாங்கள் சைவம். புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாமா?
– வாசகி, மயிலாப்பூர்

காட்சிக்கூடங்களில் சாப்பிட முடியாது. பின்புறம் மியூசியம்பிளைன் புல்வெளியில் உட்கார்ந்து தாராளமாகச் சாப்பிடலாம். கடையில் வாங்குவதானால் 'வெகெதாரிஸ்' என்று கேளுங்கள். 'ப்ரோச்சே காஸ்' என்றால் சீஸ் வைத்த ரொட்டி. தக்காளி சூப்பை நம்பி வாங்கிவிடாதீர்கள், பல இடங்களில் அதில் இறைச்சி உருண்டை மிதக்கும். பட்டாணி சூப்பில் பன்றி இறைச்சி சேர்ப்பதே அவர்கள் வழக்கம்.

அன்று இரவே விமானம். பெட்டியோடு போகலாமா?
– வாசகர், சேலம்

வேண்டாம். முதுகுப்பை, குடை போன்றவற்றை வைக்கத்தான் அங்கே பொருள் காப்பறை. பெட்டியை சென்ட்ரல் ஸ்டேஷன் லாக்கரில் வைத்துவிட்டுப் போங்கள். அங்கிருந்தே ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு ரயில் இருக்கிறது.