அண்ணன் பெயரில் ஒரு பரிசு

கேள்வி:

வணக்கம் மேடம்.

என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கும்போது விபத்தில் இறந்துவிட்டான். ஆறு வருடம் ஆகிறது. அவன் நினைவாகப் பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைத்தபோது, 'எல்லோருக்கும் பிடித்த மாணவர்' என்று ஒரு பரிசு வைக்கலாம் என ஆசிரியர்கள் சொன்னார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஓட்டுப் போடுவார்கள். ஆண்டு விழாவில் நாங்கள் மேடையேறிக் கேடயம் கொடுப்போம். அவன் பெயரை மைக்கில் கேட்பது அன்றைக்கு மட்டும்தான்.

இந்த வருடம் என் மகள் பத்தாம் வகுப்பு. "ஓட்டுப் போடும் அன்று ஸ்கூலுக்குப் போகமாட்டேன், விழாவுக்கும் வரமாட்டேன்" என்கிறாள். "எனக்கு ஒரு ஓட்டுகூட விழாது. விழுந்தால் அது பாவம் பார்த்துப் போட்டது" என்றாள். அமைதியான பெண், இரண்டே தோழிகள். போன வருடம் பரிசு வாங்கியவன் சின்ன வகுப்புப் பிள்ளைகளைக் கேலி செய்து அழவைப்பவனாம். கோபத்தில், "அண்ணனுக்காக இதைக்கூடச் செய்யமாட்டாயா?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

பரிசை நிறுத்தினால் அவனை இன்னொரு முறை பறிகொடுத்த மாதிரி இருக்கும். அவன் இறந்த அன்று, எங்களுக்கு யாரென்றே தெரியாத ஒரு பையன் இரவு வரை வாசலில் உட்கார்ந்திருந்தான். "சாப்பாட்டு நேரத்தில் என்னோடு உட்காருவது அவன் மட்டும்தான்" என்றான். அப்படிப்பட்ட பிள்ளையை எப்படி மறக்கவிடுவது?

ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அந்த வாசல் பையனைத் தாண்டிப் போக எனக்கு வெகு நேரம் ஆனது. ஓட்டெடுப்பு நடந்திருந்தால் அவன் உங்கள் மகனுக்குத்தான் போட்டிருப்பான். அவனுக்கு யார் போட்டிருப்பார்கள்? தனியாக இருப்பவனைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்காரும் குணம் உங்கள் மகனுக்கு இருந்தது. பரிசு எண்ணுவதோ ஓட்டுகளை.

1982-இல் கோயி, டாட்ஜ் முதலிய உளவியல் ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் பிடித்த மூவர், பிடிக்காத மூவர் என இரண்டு பட்டியல் கேட்டார்கள். சிலர் பெயர் இரண்டிலுமே நிறைய வந்தது. பலருக்கு உயிர், பலருக்கு வெறுப்பு. பிடித்தவரை மட்டும் கேட்கும் ஓட்டெடுப்பில் இந்த இரண்டாவது பட்டியல் கண்ணிலேயே படாது. போன வருடம் கேடயம் வாங்கியவனால் அழுத சின்னப் பிள்ளைகளுக்கோ ஓட்டே கிடையாது. (அதற்காகப் பிடிக்காதவர் பட்டியலையும் பள்ளியில் எடுக்கச் சொல்லிவிடாதீர்கள். அது இதைவிட மோசம்.)

சரி, மகளுக்கு வருகிறேன். அண்ணன் போனபோது அவளுக்கு ஒன்பது வயது இருந்திருக்கும். அம்மா அழுவாளே என்று தன் அழுகையை விழுங்கிக்கொள்ளும் வயது. இப்போது அண்ணன் நின்றுபோன அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் கொஞ்ச நாளில் அவள் அவனைவிடப் பெரியவளாகிவிடுவாள். உடன்பிறந்தவரை இழந்த பிள்ளைகளுக்கு இந்த வருடம் கனமானது. அதைச் சொல்ல வார்த்தையும் வராது. இந்த நேரத்தில், 'உன்னை எத்தனை பேருக்குப் பிடிக்கும்' என்ற கணக்கு அண்ணன் பெயரிலேயே அவள் முன்னால் வருகிறது. எண்ணிக்கை குறைந்தால் அண்ணனுக்கு ஈடில்லாதவள் என்றாகிவிடும், நிறைந்தால் இரக்கம். அவள் வரமாட்டேன் என்றதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

முதலில் அந்த வாக்கியத்துக்கு மன்னிப்புக் கேளுங்கள். விளக்கம் வேண்டாம், "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்பது போதும். உடனே பேசிவிடுவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். விழா அன்றைக்கு அவள் வீட்டில் இருக்கட்டும். விழாவுக்கு வராததை அண்ணன் மீதான பாசத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். தூக்கம், சாப்பாடு கெட்டாலோ, மற்ற நாட்களிலும் பள்ளியைத் தவிர்த்தாலோ நேரில் ஓர் ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்.

பரிசைப் பற்றி. மகனை மறந்துவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. இறந்தவரோடு உள்ள பந்தத்தை அறுத்தால்தான் துக்கம் ஆறும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். டென்னிஸ் கிளாஸும் சக ஆய்வாளர்களும் 1996-இல் அந்த எண்ணத்தைப் பலமாக மறுத்தார்கள். பந்தம் வேறு உருவில் தொடரலாம். உங்களுடையது கேடயமாகத்தான் தொடர வேண்டுமா? 'அன்பான மாணவர்' என்று பெயரை மட்டும் மாற்றுவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. பரிசு உண்டு என்று தெரிந்தால் அன்பும் மேடைக்காக நடக்கத் தொடங்கும். அதே பணத்தில், சாப்பாட்டு நேரத்தில் யாரும் தனியாக உட்கார வேண்டியிராத ஓர் அறை, அதில் புத்தகங்கள், சதுரங்கப் பலகைகள், வாசலில் அவன் பெயர் என்று பள்ளியிடம் கேட்கலாம். ஆண்டு விழாவில் அந்த அறையைப் பற்றிச் சொன்னால் அவன் பெயர் மைக்கிலும் வரும். இந்த வருட ஓட்டெடுப்பை மட்டும் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.

மகள் பேசத் தொடங்கியதும் அவளிடமும் யோசனை கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத ஓர் அண்ணனை அவளுக்குத் தெரிந்திருக்கும். முடிந்தால் அந்தப் பையனையும் தேடிப் பாருங்கள். இப்போது 21 வயது இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் என்னதான் பேசிக்கொண்டார்கள் என்று இதுவரை யாரும் அவனிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.