குளிர்காலத்துல கோல்ஃப் மைதானத்துல என்ன வேலை?

கேள்வி: ஸ்காட்லாந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ்ல குளிர்காலத்துல புல்லே சரியா வளராதாமே, அப்ப வேலை பாக்குறவங்க சும்மாதான் உக்காந்திருப்பாங்களா சார்?

பதில்: நல்லா கேட்டீங்க போங்க! அவங்களுக்கு இடுப்பு ஒடியுற சீசனே அதுதாங்க. அங்க நூத்துக்கும் மேல பங்கர் (பந்து மாட்டிக்கிற மணல் குழி) இருக்கு, அதோட சுவர் செங்கல் இல்ல, புல்ல மண்ணோட பத்தை பத்தையா வெட்டி ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி, லேசா பின்னாடி சாய்ச்சு, பின்பக்கம் மண்ணப் போட்டு கெட்டியாக்கி கட்டுறது, வெயிலும் காத்தும் பட்டு சில வருஷத்துல சரிஞ்சிடும், அதனால ஒவ்வொரு குளிர்காலமும் கொஞ்சத்த பிரிச்சு மறுபடி அடுக்குவாங்க. பெரும்பாலும் கைவேலைதான். அடிபட்ட புல்லு அப்ப சீக்கிரம் ஆறாது, அதுக்குத்தான் ஃபேர்வேல (குழிக்குப் போற வழியில புல்ல ஒட்ட வெட்டின பகுதி) ஆடுறவங்க ஒரு குட்டி பாய கையிலயே தூக்கிட்டுப்போய் அதுமேல பந்த வெச்சு அடிக்கணும், காசு கட்டி வந்தவங்களுக்கு கடுப்பாத்தான் இருக்கும், ஆனா எனக்கென்னவோ நியாயமாத்தான் படுது. உறைபனி விழுந்த காலைல மிதிச்சா புல்லோட செல் உடைஞ்சு காலடித் தடம் கறுத்துப்போயிடும், பனி உருகுற வரைக்கும் ஆட்டம் தள்ளிப்போகும். ஞாயித்துக்கிழமை வழக்கமா ஓல்ட் கோர்ஸுக்கு லீவு, ஊர்க்காரங்க நாயக் கூட்டிட்டு வாக்கிங் வருவாங்க.