"என் குரல் தெரிகிறதா?": ஹிட்லரின் ராணுவத்துக்குள் நடந்த எதிர்ப்பு பற்றிக் கேள்வி பதில்

1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல அவருடைய சொந்த அதிகாரிகளே குண்டு வைத்தார்கள். அந்தச் சதி, அதற்கு முன்னும் பின்னும் கட்சி மாறியவர்கள், ஓடிப்போன சிப்பாய்கள் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

திருவாரூர் ஆசிரியர் ஒருவர்: ஐயா, இவ்வளவு கொடுமை கண்முன்னே நடக்கிறது. படித்த தளபதிகள் ஏன் வாயே திறக்கவில்லை? வெறும் பயமா?

பயம் பாதிதான் சார். 1934 ஆகஸ்ட் 2 அன்று ஜனாதிபதி ஹிண்டன்பர்க் இறந்தார். அன்றைக்கே ராணுவத்தில் எல்லோரும் புதிதாகச் சத்தியம் செய்தார்கள். அதுவரை மக்களுக்கும் நாட்டுக்கும் இருந்த பிரமாணம், இப்போது அடால்ஃப் ஹிட்லர் என்று பெயர் சொல்லி, நிபந்தனையில்லாமல் கீழ்ப்படிவேன் என்று மாறியது. கடவுள் பெயரால் செய்த சத்தியத்தை மீறினால் பாவம் என்று மனதார நம்பிய அதிகாரிகள் நிறையப் பேர். அதைச் சாக்காக வைத்துக்கொண்டவர்கள் அதைவிட நிறையப் பேர் என்பது என் கணக்கு.

அப்புறம் பணம். பெரிய தளபதிகளுக்கு ஹிட்லர் ரகசியமாக அன்பளிப்பு கொடுத்தார். ஃபீல்டு மார்ஷல் குளூகேவுக்கு 1942இல், அறுபதாவது பிறந்தநாளுக்கு, 2,50,000 மார்க். டாங்கிப் படைத் தளபதி குடேரியனுக்குப் போலந்தில் பிடித்த நிலத்தில் ஒரு பண்ணையே கிடைத்தது. செஞ்சோற்றுக் கடனுக்காக உயிரை விட்ட கர்ணனை நாம் கொண்டாடுகிறோம். இவர்கள் விட்டது அடுத்தவன் உயிரை.

எல்லோரும் வாய்மூடி இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. தரைப்படைத் தலைமைத் தளபதிக்கு அடுத்த இடத்தில் இருந்த லுட்விக் பெக், செக்கோஸ்லோவாக்கியா மீது போர் கூடாது என்று எழுதி எழுதிப் பார்த்துவிட்டு 1938 ஆகஸ்டில் பதவியை விட்டார். தளபதிகள் மொத்தமாக ராஜினாமா செய்யலாம் என்று கூப்பிட்டார். கூட யாரும் போகவில்லை.

கோவை பொறியாளர்: குண்டு வெடித்தும் எப்படித் தப்பித்தார்? அதிர்ஷ்டம்தானா?

குண்டு வைத்த கர்னல் ஸ்டாஃபன்பெர்குக்கு வலது கை கிடையாது, இடது கையில் மூன்றே விரல், இடது கண்ணும் இல்லை. எல்லாம் 1943இல் துனிசியாவில் போனது. ஹிட்லரின் தலைமையகத்தில், மூன்று விரலில் இடுக்கியைப் பிடித்து, குண்டு வெடிக்கும் நேரத்தைத் தொடங்கிவைக்கும் அமிலக் குப்பியை நசுக்கிக்கொண்டிருக்கும்போது, சீக்கிரம் வரச் சொல்லி ஆள் வந்துவிட்டான். கொண்டுவந்தது இரண்டு குண்டு, தயாரானது ஒன்று. இரண்டாவதையும் சும்மா பைக்குள் போட்டிருந்தாலே முதலாவது அதையும் சேர்த்து வெடிக்க வைத்திருக்கும். பதற்றத்தில் அதை உதவியாளர் கையில் கொடுத்துவிட்டார்.

ஹிட்லர் இருந்த கூட்டத்தில் மேஜைக்கு அடியில் ஸ்டாஃபன்பெர்க் வைத்த பை காலில் இடித்ததென்று, அதை மேஜையின் தடித்த காலுக்கு அந்தப் பக்கம் நகர்த்திவைத்தவர் கர்னல் பிராண்ட். அது ஹிட்லரைக் காப்பாற்றியது, பிராண்டைக் கொன்றது. முந்தைய வருஷம் மார்ச்சில் மதுப் பாட்டில் பொட்டலம் என்று சொல்லி, ஹிட்லர் ஏறிய விமானத்தில் ஒரு குண்டைக் கொடுத்தனுப்பினார்களே, விவரம் தெரியாமல் அதை வாங்கிச் சென்றவரும் இதே பிராண்ட்தான். அது வெடிக்கவில்லை.

மதுரை வாசகர்: அண்ணே, அவர் பிழைத்தால் என்ன? பெர்லினைப் பிடித்திருக்கலாமே?

எனக்கு முக்கியமான கேள்வி இதுதான் தம்பி. குண்டைவிட அன்றைய டெலிஃபோன்கள்தான் கதை.

திட்டத்தின் பெயர் வால்கிரி. ஜெர்மனியில் லட்சக்கணக்கில் இருந்த வெளிநாட்டுக் கட்டாயத் தொழிலாளர்கள் கலகம் செய்தால் அடக்குவதற்காக ஹிட்லரே ஒப்புதல் கொடுத்த உத்தரவு அது. அதையே அவருக்கு எதிராகத் திருப்புவது யோசனை. குண்டு வெடித்தது 12:42க்கு. ஹிட்லர் உயிரோடு இருப்பதாக அரைகுறைத் தகவல் பெர்லினுக்கு வந்ததும், அங்கே இருந்த சதிகாரர்கள் உத்தரவை அனுப்பாமல் காத்திருந்தார்கள். ஸ்டாஃபன்பெர்க் விமானத்தில் பெர்லின் பக்கம் வந்து இறங்கி, எங்கே உத்தரவு என்று கேட்கும்போது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் போயிருந்தது.

உள்நாட்டுப் படையின் தலைவர் ஃபிரோம். இவருக்குச் சதி நடப்பது ஓரளவு தெரியும். காட்டியும் கொடுக்கவில்லை, சேரவும் இல்லை. மதில்மேல் பூனை. ஹிட்லரின் தலைமையகத்துக்கு அவரே போன் போட்டார். ராணுவத் தலைமையகத் தலைவர் கைட்டல் எடுத்து, தலைவர் நலமாக இருக்கிறார் என்றார். அதோடு பூனை எந்தப் பக்கம் குதிப்பதென்று முடிவாயிற்று. சதிகாரர்கள் அவரைப் பிடித்து அவர் கட்டடத்திலேயே அடைத்தார்கள். ராத்திரி விடுபட்டதும் தனக்குத் தெரிந்தது வெளியே வராமலிருக்க அவசர அவசரமாக ஒரு ராணுவ நீதிமன்றம் என்று சொல்லி, ஸ்டாஃபன்பெர்க் உட்பட நாலு பேரை முற்றத்தில் வண்டி விளக்கு வெளிச்சத்தில் சுடவைத்தார். அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை. கோழைத்தனம் என்ற குற்றத்துக்காக 1945 மார்ச்சில் அவரையும் சுட்டார்கள்.

இன்னொரு டெலிஃபோன் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் அறையில். அவரைக் கைது செய்ய வந்தவர் மேஜர் ரெமர், காவல் பட்டாலியன் தலைவர். ஹிட்லர் செத்துவிட்டதாக அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கோயபல்ஸ் கையில் துப்பாக்கி இல்லை, ரிசீவர்தான் இருந்தது. லைனைப் போட்டு நீட்டினார். "என் குரல் தெரிகிறதா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. ரெமருக்கு ஹிட்லர் நேரில் பதக்கம் கொடுத்திருக்கிறார், குரல் தெரியாமலா? கைது செய்ய வந்த படை அப்படியே திரும்பிச் சதிகாரர்களைப் பிடிக்கப் போனது. பெர்லினைப் பிடிக்க இவ்வளவு திட்டம் போட்டவர்கள், கோயபல்ஸ் வீட்டு டெலிஃபோன் கம்பியை அறுக்க ஆள் அனுப்பவில்லை.

பாரிஸில் மட்டும் திட்டம் பிசகாமல் நடந்தது. அங்கிருந்த ஜெனரல் ஸ்டூல்ப்நாகல் எஸ்.எஸ். என்ற நாஜிக் கட்சிப் படை, கெஸ்டபோ என்ற ரகசிய போலீஸ் இரண்டிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களை ஒரு தோட்டாவும் செலவில்லாமல் உள்ளே தள்ளிவிட்டார். ஆனால் மேலே இருந்தவர் அதே குளூகே. ஹிட்லர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் கையை உதறிவிட்டார். ராத்திரியோடு ராத்திரியாக எல்லோரையும் விடுவித்தார்கள். ஸ்டூல்ப்நாகலைத் தூக்கிலிட்டார்கள். குளூகே ஒரு மாதம் கழித்து விஷம் குடித்தார்.

பெயர் வேண்டாம் என்றவர்: குடும்பங்களை என்ன செய்தார்கள்?

ரத்தமே கெட்டது, குடும்பத்தோடு தண்டனை என்று எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர் வெளிப்படையாகவே பேசினார். ஸ்டாஃபன்பெர்கின் மனைவி நீனா கர்ப்பிணி. அவரைப் பிடித்துச் சித்திரவதை முகாமுக்குக் கொண்டுபோனார்கள், ஐந்தாவது குழந்தை 1945 ஜனவரியில் காவலில் பிறந்தது. மற்ற நாலு பிள்ளைகளையும் பாட் சாக்ஸா ஊரில் ஒரு விடுதியில் போட்டுக் குடும்பப் பெயரையே மாற்றினார்கள். மைஸ்டர் என்று. மூத்தவனுக்குப் பத்து வயது, தன் பெயர் என்னவென்று நன்றாகத் தெரியும். (அவர் பின்னாளில் மேற்கு ஜெர்மன் ராணுவத்தில் ஜெனரல் ஆனார்.)

சதியில் தொடர்பு என்று சந்தேகப்பட்ட ஃபீல்டு மார்ஷல் ரோமலிடம் நேரடியாகவே பேரம் பேசினார்கள். விஷம் குடித்தால் அரசு மரியாதை, குடும்பத்தைத் தொடமாட்டோம். இல்லையென்றால் விசாரணை. குடித்தார். சொன்னபடி அரசு மரியாதையும் நடந்தது.

சென்னை மாணவி: இவர்களை ஹீரோ என்று சொல்லலாமா சார்?

எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் அம்மா. கிழக்குப் போர்முனையில் யூதர்களைக் கொன்று குவித்ததைத் தெரிந்துகொண்டு உறுதியாக மாறியவர், சதியின் முக்கிய அதிகாரிகளில் ஒருவரான ட்ரெஸ்கோ. அதே சதியில் இருந்த ஆர்தர் நேபே, 1941இல் அப்படிக் கொன்று குவித்த ஒரு படைக்கே தலைவர். பலர் சேர்ந்தது போர் தோற்கப்போகிறது என்று தெரிந்த பிறகு. வெற்றி வந்துகொண்டிருந்த காலத்திலேயே துணிந்தவர் ராணுவ உளவுத் துறை அதிகாரி ஹான்ஸ் ஓஸ்டர். 1940இல் ஜெர்மனி தாக்கப்போகும் தேதியை நெதர்லாந்து அதிகாரிக்கே சொன்னார். எனக்கு அவர்மேல்தான் மதிப்பு அதிகம். ஜெர்மனியில் அவரைத் துரோகி என்று சொன்னவர்கள்தான் ரொம்ப நாள் அதிகம்.

சேலத்திலிருந்து: எதிரியிடம் போய்ச் சேர்ந்த தளபதிகள் உண்டா?

ஸ்டாலின்கிராடில் பிடிபட்ட ஜெனரல் சைட்லிட்ஸ் 1943இல் சோவியத் பக்கம் நின்று, ஹிட்லரைக் கைவிடுங்கள் என்று ஜெர்மன் படைகளைக் கேட்டார். ஹிட்லர் ஆட்சி அவர் இல்லாமலேயே மரண தண்டனை கொடுத்தது. போர் முடிந்த பிறகு 1950இல் சோவியத்தும் மரண தண்டனை கொடுத்து 25 வருஷமாகக் குறைத்தது. 1955இல் ஊர் திரும்பினால் பழைய சகாக்கள் பலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு பக்கமும் அடி மத்தளத்துக்கு மட்டும்தானா என்ன.

தஞ்சாவூர்க்காரர்: நம்மவர்கள் யாராவது இதில்?

சதியில் இல்லை. ஆனால் சத்தியத்தில் உண்டு. ஜெர்மனியில் சுபாஷ் சந்திர போஸ் சேர்த்த இந்தியப் படைப்பிரிவின் பிரமாணத்தில் ஹிட்லர் பெயரும் போஸ் பெயரும் சேர்ந்தே வந்தன. பெரும்பாலும் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்கள். முதல் சத்தியம் பிரிட்டிஷ் மன்னருக்கு. எது துரோகம் என்று அவர்களிடம் கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும்.

ஈரோடு வாசகர்: பெரிய ஆட்களை விடுங்கள். சாதாரண சிப்பாய் ஓடினால்?

முதல் உலகப் போர் முழுக்க ஜெர்மனி தன் சிப்பாய்களில் 48 பேரைத்தான் தண்டனையாகச் சுட்டது. இரண்டாவதில் ராணுவ நீதிமன்றங்கள் கொடுத்த மரண தண்டனை சுமார் 30,000, நிறைவேற்றியது 20,000க்கு மேல். அதில் பெரும்பகுதி ஓடிப்போனவர்கள்.

லுட்விக் பவுமான் என்ற கடற்படைச் சிப்பாய் 1942இல் பிரான்சின் போர்தோவில் ஓடி, மறுநாளே பிடிபட்டார். மரண தண்டனை. சில வாரத்தில் அது சிறைத் தண்டனையாகக் குறைக்கப்பட்டது, ஆனால் அவரிடம் யாரும் சொல்லவில்லை. இன்றைக்குக் கூட்டிப்போவார்கள் என்று தினம் காலையில் காத்துக்கொண்டு மாதக்கணக்கில் விலங்கோடு கிடந்தார். போர் முடிந்து வீட்டுக்கு வந்தால் கோழை, துரோகி என்றார்கள். ரெமர் 1952இல் சதிகாரர்களைத் துரோகிகள் என்று பேசியதற்குத் தண்டனை வாங்கினார், ஸ்டாஃபன்பெர்க் பெயரில் தெரு வந்தது. பவுமானுக்கு மட்டும் குற்றவாளிப் பட்டம் அப்படியே இருந்தது. 1990இல் மிச்சமிருந்தவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். ஓடிப்போனவர்கள் மேலிருந்த தீர்ப்புகளை 2002இல் நாடாளுமன்றம் ரத்து செய்தது. போர்த்துரோகம் என்ற பிரிவில் தண்டிக்கப்பட்டவர்களுக்கு 2009 வரை ஆனது. பவுமான் 2018இல், 96 வயதில் இறந்தார்.